துருவும் தோலும்: பழைய லாரி மீட்பு எந்தத் துறையைச் சேர்ந்தது என்பது பற்றிய ஓர் ஆய்வு

துருப்பிடித்த பழைய லாரி ஒன்றைக் குடும்பமாகக் கூடி மீட்டெடுக்கும் வேலை எந்தத் துறையின் கீழ் வரும் என்ற கேள்வியை அறிவுலகம் இதுவரை கண்டுகொள்ளவில்லை. மெக்கானிக்குகள் அது தங்கள் துறை என்கிறார்கள். டிங்கர்கள் தங்களுடையது என்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் அது எந்தத் துறையிலும் சேராது, வேலையற்றவன் தேடிக்கொண்ட வேலை என்கிறார்கள். மூன்று தரப்பும் பிழை என்பதே இக்கட்டுரையின் துணிபு. பழைய லாரியை மீட்பது தோல் பதனிடும் தொழிலின் ஒரு கிளை. ஆகவே அந்த வேலைக்கு உரிய ஊர், தோல் ஊரான வாணியம்பாடி. நாமக்கல்லும் ஜாம்ஷெட்பூரும் இதற்கு உரிமை கொண்டாட முடியாது. உப்பு, கடுக்காய், சித்தப்பா என்னும் சான்றுகளைக் கொண்டு இதை ஐயத்திற்கு இடமின்றி நிறுவலாம்.

முதலில் ஆய்வுப்பொருளை வரையறுத்துக்கொள்வோம். லாரி என்று இங்கே குறிப்பது முன்பக்கம் மூக்கு நீண்ட, பானட்டைத் தூக்கினால் ஓர் ஆள் மட்கார்டின்மேல் ஏறி உட்கார்ந்து சாவகாசமாக வேலை பார்க்கக்கூடிய அந்தக் காலத்து வண்டியை. 1945இல் தொடங்கிய டெல்கோ நிறுவனம் 1954இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்கத் தொடங்கியது. 1969இல் ஒப்பந்தம் முடியும்வரை வந்த வண்டிகளின் நெற்றியில் பென்ஸ் காருக்குரிய அதே மூன்றுமுனை நட்சத்திரம் இருந்தது. வைக்கோல் ஏற்றியவரும் செங்கல் ஏற்றியவரும் பென்ஸ் வைத்திருந்த காலம் அது. தெற்கே, 1948இல் உருவான அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்து, பிறகு இங்கிலாந்தின் லேலண்டோடு கைகோத்து, 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதே 1948இல்தான் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் தொடங்கப்பட்டது. லாரி நிறுவனமும் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் ஒரே நகரத்தில் ஒரே ஆண்டில் பிறந்ததைத் தற்செயல் என்று பொதுமக்கள் தள்ளிவிடலாம். கருதுகோளைக் கையில் பிடித்துக்கொண்டு அலையும் ஆய்வாளனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இனி உப்பு. வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் நாட்டின் பல மூலைகளிலிருந்து வரும் பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு உப்பைத் தடவி அடுக்குவது வழக்கம். உப்பு தோலிலுள்ள நீரை இழுக்கும். இழுத்த நீர் எங்காவது போக வேண்டும். லாரியில் அடுக்கிய தோலிலிருந்து அது பலகை இடுக்கு வழியாகக் கீழே இறங்கி சேஸில் போய்த் தங்கும். அங்கேதான் வேடிக்கை. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போதெல்லாம் சாதாரண உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கசியும். ஆகவே வாணியம்பாடியின் பாலாற்றங்கரையில் மழையே பெய்யாத நாளிலும் விடியற்காலைப் பனி ஒன்று போதும், சேஸ் நனைந்துவிடும். குளோரைடு கலந்த ஈரம் இரும்பைத் தின்னும் வேகம் வெறும் மழைநீருக்கு வராது. செங்கல் லாரியும் கரும்பு லாரியும் மேலிருந்து துருப்பிடிக்கும்: கேபின் கூரை, கதவின் அடி, மட்கார்டு விளிம்பு என்று. தோல் லாரி அடியிலிருந்து துருப்பிடிக்கும். மேலே பெயிண்ட் மினுக்கும். அடிப்பலகையைப் பெயர்த்துப் பார்த்தால், சேஸின் இரட்டைத் தகட்டுக்கு இடையே துரு ஊறி ஊறிப் பருத்து, ஆறிப்போன பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும் பொருள். அந்த நெருக்கலில் ரிவெட்டின் தலையே தெறித்துவிடுவதுண்டு. யூ போல்ட்டின் மரை எங்கே முடிகிறது, துரு எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. நோய் தோலிலிருந்து வந்தது என்பது இத்தோடு தெளிவு. நோய் வந்த வழியிலேயே மருந்தும் வரும் என்ற நம் வைத்திய மரபை நம்புகிறவர்கள் இந்த இடத்திலேயே கட்டுரையை ஒப்புக்கொண்டுவிடலாம். நம்பாதவர்களுக்காக மேலே செல்வோம்.

தோல் ஷாப் எனப்படும் பதனிடும் கூடத்தில் பச்சைத் தோலுக்கு என்ன நடக்கிறது? உதறி உப்பை நீக்குகிறார்கள். தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். சுண்ணாம்புக் குழியில் போட்டு மயிரைக் கழற்றுகிறார்கள். உள்பக்க ஜவ்வைக் கத்தியால் சீவுகிறார்கள். சுண்ணாம்பின் காரம் போகக் கழுவுகிறார்கள். பிறகுதான் பட்டைச் சாறு. பிறகு எண்ணெய், கடைசியில் பூச்சு. லாரிக்கு? முதலில் உப்பு போகக் கழுவ வேண்டும்; உப்பை உள்ளே விட்டுவிட்டு மேலே எதைப் பூசினாலும் ஆறு மாதத்தில் கொப்புளம் கிளம்பும். இறுகிப்போன நட்டு போல்ட்டுகளை டீசலில் ஊறப்போட வேண்டும். பழைய பெயிண்ட்டைக் காஸ்டிக் சோடாக் கரைசலால் கழற்றலாம். சுண்ணாம்பும் காஸ்டிக்கும் காரக் குடும்பத்து அண்ணன் தம்பிகள். பொருக்குத் துருவைச் சுரண்டியாலும் கம்பி பிரஷாலும் சீவ வேண்டும். காரம் போகக் கழுவ வேண்டும். கடைசியில் கிரீஸ், பிரைமர், பெயிண்ட். வரிசை மாறவில்லை, ஒரு படிகூட விடுபடவில்லை. நடுவில் அந்தப் பட்டைச் சாறு மட்டும் லாரிக்கு எங்கே என்று கேட்பீர்கள். இந்த ஆய்வின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது.

ஆவாரம்பட்டை, வாட்டில் பட்டை, கடுக்காய் ஆகியவற்றின் துவர்ப்புக்குக் காரணம் டானின். தோலின் புரதத்தோடு சேர்ந்து அதை அழுகாத பொருளாக்குவது அதுவே. அதே டானின் இரும்பைச் சந்தித்தால் கருநீலமான ஒரு சேர்மம் உண்டாகும். தோல் தொழிலாளிகளுக்கு இது பழைய தலைவலி. பட்டையில் பதனிட்ட ஈரத் தோலின்மேல் ஓர் ஆணி கிடந்தால் போதும், அந்த இடம் கறுத்துப்போகும். கறை விழுந்த தோலுக்கு விலை விழும். ஆனால் தோலுக்குக் கறையாக இருப்பது லாரிக்குக் கவசம். நன்றாகச் சுரண்டிய பிறகும் இரும்பைப் பற்றிக்கொண்டு நிற்கும் மெல்லிய துருவின்மேல் டானின் கரைசலைப் பிரஷால் தடவினால், செம்மண் நிறம் கண்ணெதிரே ஊதாவாகிக் கறுக்கிறது. துரு எளிதில் கரையாத, அசையாத ஒரு படலமாகி உட்கார்ந்துவிடுகிறது. கடைகளில் துருமாற்றி என்று டப்பாவில் விற்கும் திரவங்களில் பலவற்றின் சூத்திரம் இதுதான். டானிக் அமிலம், கூடவே பாஸ்பாரிக் அமிலம். அருங்காட்சியகங்களில் பழங்கால இரும்புப் பொருள்களுக்கு டானிக் அமிலம் பூசிக் காப்பது பல பத்தாண்டுப் பழக்கம். அவ்வளவு தூரம் போவானேன்? நெல்லிக்காய்ப் பொடியை இரும்புச் சட்டியில் இரவு முழுக்க ஊறவைத்து, விடிந்ததும் கறுத்திருக்கும் அந்தக் குழம்பைத் தலைக்குப் பூசிக்கொள்ளும் எத்தனையோ வீடுகளில் இந்த வேதியியல் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நரைத்த தலைக்கும் துருப்பிடித்த லாரிக்கும் ஒரே மருந்து. இரண்டிலும் கீழே இருப்பது இளமையாகிவிடுவதில்லை என்பதையும் நேர்மையோடு குறித்துவைக்க வேண்டும்.

கடுக்காயை இடித்துக் காய்ச்சிப் பூசினால் மட்டும் வேலை முடிந்துவிடும் என்று எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. படலம் மெல்லியது, மேலே பிரைமர் இல்லாவிட்டால் ஒரு மழைக்குத் தாங்காது. அந்தப் பிரைமர், டிங்கர் பட்டறைகளில் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் ரெட் ஆக்ஸைடு. அதன் சிவப்பு எது? இரும்பு ஆக்ஸைடு. துருவை நாள்கணக்கில் சுரண்டி எறிந்துவிட்டு, துருவின் நெருங்கிய உறவினரையே காசு கொடுத்து வாங்கி மேலே பூசுகிறோம். இதில் முரண் எதுவும் இல்லை என்று வேதியியலார் விளக்குவார்கள். விளக்கம் சரிதான், ஆனாலும் தின்னர் கலக்கும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்யும்.

இங்கே ஒரு தடை எழுப்பலாம். வாணியம்பாடியில் இன்று பட்டைக் குழி எத்தனை? பெரும்பாலும் குரோம்தானே, டிரம்மில் போட்டுச் சுற்றி நீலமாக எடுக்கும் வெட் ப்ளூதானே, என்று. உண்மை. வாரக்கணக்கில் பட்டைச் சாறு கேட்ட வேலையை குரோமிய உப்பு ஒரு நாளுக்குள் முடித்துவிடுகிறது. வணிகம் அதன் பின்னால் போயிற்று. ஆனால் இந்தத் தடை நம் கருதுகோளை இன்னும் பலப்படுத்தவே செய்கிறது. பழைய லாரியின் ஹெட்லைட் வளையத்திலும் பம்பரிலும் மினுங்குவது எது? அதே குரோமியம், முலாமாக. பழைய பாணியானாலும் புதுப் பாணியானாலும் லாரி தோலின் பின்னால்தான் வருகிறது. மற்றபடி குரோமியத்தை நம் தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றும்போது கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். அதன்மேல் வேறு வழக்கு நடந்திருக்கிறது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போயிற்று என்ற கணக்கு 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்பது இந்திய மண்ணின் சட்டத்தில் ஒரு பகுதி என்று உறுதியாகச் சொன்ன தீர்ப்பு. போலி ஆய்வானாலும் இதைத் தாண்டிக் குதித்துப் போக முடியாது. நடைமுறையிலும் இதற்கு ஒரு விளைவு உண்டு: உப்பு போக லாரியைக் கழுவ வேண்டும் என்றோம்; கழுவும் தண்ணீரே உப்பாக இருந்தால்? ஆகையால் இந்த வட்டாரத்தில் லாரி மீட்பு மழைக்காலத்தில்தான் தொடங்க முடியும், மாடியில் பிடித்த மழைநீரைக் கொண்டு. குடிநீர்க் குழாயைச் சேஸுக்குத் திருப்ப நினைப்பவர் அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

அடுத்து நாமக்கல்காரர்களின் தடை. லாரி என்றால் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி. பாடி கட்டுவது எங்கள் பரம்பரைத் தொழில். நேற்றுவரை தோலைக் காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் இதில் எங்கே வந்தார்கள் என்று அவர்கள் கேட்பது நியாயம். அவர்கள் கையில் ஒரு வலுவான வாதமும் உண்டு. அந்தக் காலத்தில் தொழிற்சாலையிலிருந்து லாரிகள் பெரும்பாலும் முழுதாக வரவில்லை. எஞ்சினும் பானட்டும் சேஸும்தான் வரும். கேபினும் பாடியும் ஊர்த் தச்சர் கட்டியது. அப்படியானால் பழைய லாரியின் அசல் வடிவம் என்று மீட்கப்போவது ஜெர்மன்காரரின் வரைபடத்தையா, திருச்செங்கோட்டுத் தச்சரின் கைப்பழக்கத்தையா? பலகை பலகையாக மாற்றப்பட்ட கிரேக்கக் கப்பலின் கதையை இந்த இடத்தில் இழுக்க அறிஞர்கள் துடிப்பார்கள். இழுக்க வேண்டாம், அந்தக் கப்பலுக்கு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுக்க வேண்டிய தேவை வரவில்லை. விடை எளிது. நாமக்கல் புது உடம்பு செய்து தருகிறது. பழைய கேபினைக் காட்டி ஆலோசனை கேட்டால், 'இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா கட்டிடலாம், செலவும் கம்மி' என்று மனசாட்சியோடு சொல்வார்கள். சொல்வது முற்றிலும் சரி. ஆனால் அது மீட்பு ஆகாது. செத்துப்போன ஒன்றின் மேல்தோலை, அதே தோலாகவே, அழுகாமல் காப்பது வேறொரு மனநிலை. அந்த மனநிலையில் தலைமுறை தலைமுறையாகச் சம்பளம் வாங்கியவர்கள் பாலாற்றங்கரையில் இருக்கிறார்கள்.

எஞ்சின்தான் லாரியின் உயிர், அது மெக்கானிக்கின் துறை என்பாரும் உளர். உயிரைப் பற்றி இங்கே பேச்சில்லை. பதனிட வந்த தோலிடம் ஆட்டின் உயிரைப் பற்றி எவரும் விசாரிப்பதில்லை.

சட்டம் எழுப்பும் தடைக்குத்தான் விரிவான விடை தேவை. 2021 ஜூலையில் நடுவண் அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று மோட்டார் வாகன விதிகளில் தனிப் பிரிவு சேர்த்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். சேஸிலும் உடலிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய். எல்லாம் நல்லது. ஆனால் எவை பழம்பெரும் வாகனம் ஆகலாம் என்ற இடத்தில் விதி சொல்வது எல் 1, எல் 2, எம் 1 ஆகிய வகைகளை மட்டும்; அதாவது இரு சக்கர வண்டிகளும் ஆள் ஏறும் கார்களும். சரக்கு லாரி 'என்' வகை. ஆக, ஜமீன்தார் மாலையில் காற்று வாங்கப் போன கார் 50 வயதில் பழம்பெருமை அடையும். அவர் வீட்டு நெல்லைச் சுமந்த லாரி 70 வயதானாலும் வெறும் பழைய லாரிதான். அதே 2021இல் பழைய வண்டிகளை உடைத்து இரும்பாக்கும் கொள்கையும் அறிவிக்கப்பட்டதால், லாரியின் முதுமைக்கு அரசு ஒரு வழியைக் காட்டவில்லை என்று குறை சொல்ல முடியாது. இதனால் மீட்கப்பட்ட லாரி சட்டத்தின் கண்ணில் என்னவாகிறது? காராகாது, உழைக்கும் லாரியாகவும் நீடிக்காது, எஃப்.சி. அதிகாரி அடிப்பகுதியில் ஒரு சுத்தியல் தட்டு தட்டும்வரைதான் அந்த உரிமை. மிஞ்சுவது பதனிட்ட பொருள் என்ற தகுதி. பதனிட்ட பொருளுக்குப் பதிவு எண் தேவையில்லை. சட்டமும் சுற்றிவளைத்து நம் முடிவுக்கே வருவது ஆய்வாளனுக்கு நிறைவு தரும் ஒன்று.

இனி எஞ்சியிருப்பது சித்தப்பா. இந்த வேலை ஏன் குடும்பமாகச் செய்யப்படுகிறது, ஏன் ஒரு பட்டறையில் காசு கொடுத்து முடிக்கப்படுவதில்லை என்ற கேள்விக்கு அன்பு, பாசம், தலைமுறைப் பிணைப்பு என்று வார இதழ்கள் எழுதுகின்றன. இவை அனைத்தும் சான்றற்ற ஊகங்கள். உண்மைக் காரணம் கூலி. துரு சுரண்டுவது திறமை கேட்கும் வேலையே இல்லை. நாள் கேட்கும் வேலை. பட்டைக் குழியில் தோல் வாரக்கணக்கில் கிடந்தபோதும் அப்படித்தான்: தினமும் ஒருவர் போய்ப் புரட்டிப் போட வேண்டும், சாறு நீர்த்ததா என்று பார்க்க வேண்டும், வேறொன்றும் இல்லை. அந்தத் தினசரிப் புரட்டலுக்குத் தோல் ஷாப்பில் சம்பளம் உண்டு. லாரிக்கு அதே கணக்கில் சம்பளம் போட்டால், உப்புத்தாள் தேய்க்கும் கட்டத்திலேயே வண்டியின் காயலாங்கடை மதிப்பு தீர்ந்துவிடும். ஆகவே சம்பளம் கேட்காத உழைப்பு வேண்டும். அது கிடைக்கும் ஒரே நிறுவனம் குடும்பம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் உப்புத்தாள் தேய்ப்பார்கள், மூன்றாம் நாள் காணாமல் போவார்கள். மச்சான் ரிங் ஸ்பேனர் செட்டோடு வருவார். செட்டில் பத்தொன்பது மட்டும் இருக்காது, வேண்டியது பத்தொன்பதாகத்தான் இருக்கும். தாத்தாவுக்கு ரிவர்ஸ் கியர் எந்தப் பக்கம் என்பது நினைவிருக்கும், காலையில் மாத்திரை போட்டது நினைவிருக்காது.

சித்தப்பா இவர்களில் சேராதவர். அவர் டார்ச் பிடிப்பார். வெளிச்சம் வேலை நடக்கும் இடத்தில் விழாது, அவர் பேசும் திசையில் விழும். 'அந்த போல்ட்ட அப்படி அடிக்காதப்பா, மரை போயிடும்' என்பார், மரை போகும். 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்பார்; சொன்னதும் உண்மை. மேலோட்டமாகப் பார்ப்பவர் அவரை நீக்கிவிட்டால் வேலை விரைவாகும் என்று நினைப்பார். தோல் ஷாப்பின் மேஸ்திரியைப் பார்த்தவர் அந்தப் பிழையைச் செய்யமாட்டார். மேஸ்திரியும் கையால் எதையும் தூக்குவதில்லை. குழியோரம் வந்து, ஒரு தோலின் விளிம்பை மடித்துப் பார்த்து, விரலால் அழுத்தி, 'இன்னும் ஆகல' என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த 'இன்னும் ஆகல' இல்லாவிட்டால் தோல் அரைகுறையாக வெளியே வந்துவிடும். பிரைமர் அடிக்கக் கை பரபரக்கும் மாலையில், சேஸின் உள்மூலையில் விரலைவிட்டு, நுனியில் ஒட்டிய செம்பொடியைக் காட்டி 'இன்னும் ஆகல' என்று சொல்ல ஒருவர் வேண்டும். சம்பளம் வாங்குகிறவர் அதைச் சொல்லமாட்டார், அவருக்கு வேலை முடிய வேண்டும். உரிமையாளர் சொல்லமாட்டார், அவருக்கு வண்டி ஓட வேண்டும். ஒரு லாபமும் இல்லாத, ஆனால் விலகிப் போகவும் மனமில்லாத உறவினரால்தான் அது முடியும்.

இத்தனைக்கும் பிறகு அத்தை கேட்கும் கேள்வி ஒன்று மிஞ்சுகிறது: 'சரி, இதை வச்சு என்ன பண்ணப்போறீங்க?' கருதுகோளில் உள்ள உண்மையான ஓட்டை இதுதான். பதனிட்ட தோல் செருப்பாகிறது, பையாகிறது, ஆம்பூரில் ஷூவாகிக் கப்பல் ஏறுகிறது. பதனிட்ட லாரி வாசலில் நிற்கிறது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கலாம், கல்யாணத்துக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுக்கலாம். இவற்றைப் பயன் என்று அத்தையிடம் வாதிடும் துணிவு இக்கட்டுரைக்கு இல்லை.

கடைசியாக, இத்துறையில் இன்னும் தீராத ஒரு பூசல். இருக்கைக்கு எதைப் போடுவது? தோல் ஊரில் மீட்கப்படும் லாரிக்குத் தோல் இருக்கைதான் பொருத்தம் என்று உணர்ச்சிவசப்படுகிறவர்கள் ஒரு கட்சி. ஆனால் அந்தக் கால லாரியின் இருக்கை பலகைமேல் தேங்காய் நார், நார்மேல் ரெக்ஸின். ஓட்டுநருக்கு எந்த நிறுவனமும் தோல் போட்டுக் கொடுக்கவில்லை. அசலை அசலாகவே காப்பது நம் நெறி என்றால் தோலுக்கு அங்கே இடமில்லை. துருவிலும் மருந்திலும் வரிசையிலும் மேஸ்திரியிலும் வாணியம்பாடியாகவே இருக்கும் அந்த வண்டியில், மனிதன் உட்காரும் இடத்தில் மட்டும் ரெக்ஸின்தான் வர வேண்டும் என்பதே ஆய்வின் தீர்ப்பு. பழைய பச்சை நிற ரெக்ஸின் பெங்களூரில் கிடைக்கும் என்கிறார் மச்சான். சித்தப்பா அதை ஒப்புக்கொள்ளவில்லை.